ஞானத்தகப்பனின் கல் பட்டறை

அனோஜ் மெல்பேணில் வந்து இறங்கியபோது, அவனைக் கூட்டிப்போக விமான நிலையத்துக்கு வந்து நின்றவர் அவனுடைய முதலாளி ஜெயசிங்கம்தான். நல்ல மாரிகாலக் குளிர். மன்னார் வெயிலில் வளர்ந்த உடம்பு வாசலைத் தாண்டியதும் வெடவெடத்தது. ஜெயசிங்கம் காருக்குள் இருந்து தடித்த ஜக்கெட் ஒன்றை எடுத்து நீட்டி, "போடு தம்பி, இது என்ர மகன்ர. அவனுக்கு இப்ப அளவில்லை" என்றார். அந்த இடத்திலேயே அனோஜ் அவருக்கு அடிமையாகிவிட்டான். விசாவுக்கு ஸ்பொன்சர் பண்ணிய மனிதர், வேலை தந்த மனிதர், குளிருக்கு உடுப்பும் தருகிறார் என்றால் அவரைக் கடவுளுக்கு அடுத்தபடியாக வைக்காமல் வேறெங்கே வைப்பது?

மன்னாரின் பேசாலையில் மாபிள் கல் பதிக்கப் பழகி, பிறகு கட்டாரில் கல் அறுத்துக் கைதேர்ந்தவன் அவன். அந்தத் தகுதியில்தான் தற்காலிகத் திறன் விசா கிடைத்தது. விசாவில் முதலாளியின் பெயரும் சேர்ந்தே இருந்தது. அந்த முதலாளியை விட்டு விலகினால் இன்னொருவரைத் தேடிக்கொள்ளச் சட்டம் தவணை தருகிறது. வேலையிடத்தில் இந்த நாட்டுக்காரனுக்கு உள்ள உரிமை அத்தனையும் விசாக்காரனுக்கும் உண்டு. இதையெல்லாம் அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவனும் ஒருவரிடமும் கேட்கவில்லை. ஜெயசிங்கம் அண்ணை கையை விட்டால் அடுத்த பிளேனில் கொழும்பு என்பதுதான் அவன் தலைக்குள் இருந்த ஒரே சட்டம்.

டாண்டினோங் பக்கம் இருந்த பட்டறையில் குசினியின் சமையல் மேடைகளுக்குச் செயற்கைக் கல் அறுப்பார்கள். பெரிய மெஷினில் தண்ணீர் ஊற்றித்தான் அறுப்பு நடக்கும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வீடுகளுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தும்போது ஒரு ஓரம் இடிக்கும், குழாய்க்கு விட்ட துளை காணாது. அங்கே தண்ணீரை ஊற்றினால் வீட்டுக்காரரின் புதுத் தரை பாழாகும் என்று, கையால் பிடிக்கும் கிரைண்டரை வைத்துக் காய்ந்த கல்லையே தேய்ப்பார்கள். அது சட்டப்படி செய்யக்கூடாத வேலை. ஜெயசிங்கத்துக்கு அது நன்றாகவே தெரியும். அனோஜின் மூக்கில் கடுதாசி முகமூடி ஒன்று இருக்கும். வேலை முடித்து வந்தால் கண் இமைகூட வெள்ளையாக இருக்கும். பிறகு வந்து சேர்ந்த மனைவி அஞ்சலா கதவைத் திறந்ததும், "வந்திட்டார் மாவில பிரட்டின மீன்" என்று சிரிப்பாள். பாவம், அவளுக்கு அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

கிரான்பர்னில் வாடகை வீட்டில் மகள் கிறிஸ்ரினா பிறந்தாள். அப்போதுதான் அனோஜ் தன் வாழ்க்கையிலேயே பெரிய பிழையை, மிகுந்த சந்தோசத்தோடு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செய்தான். பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஜெயசிங்கத்தை ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லிக் கேட்டான். எங்கள் சனத்துக்கு அது கோவிலோடு முடிகிற சடங்கு அல்ல. அன்றிலிருந்து இரண்டு குடும்பமும் ஒன்று. முதலாளி முதலாளியாகவே இருந்தால் ஒருநாள் முகத்துக்கு நேரே நின்று நியாயம் கேட்கலாம். மகளின் நெற்றியில் சிலுவை வரைந்தவரிடம் போய் எந்த வாயால் கேட்பது?

இருமல் தொடங்கியதும் அவன் அதற்கு நூறு பெயர் வைத்தான். முதலில் தடிமன், பிறகு வசந்த காலத்தில் எல்லோரையும் தும்ம வைக்கும் பொலன் என்ற பூந்தூள், அதற்கும் பிறகு தொய்வு, அதாவது ஆஸ்மா. ஊரில் தனக்குத் தொய்வே இருந்ததில்லை என்பதை வசதியாக மறந்துவிட்டான். படியேறினால் நடுவில் நின்று போனைப் பார்ப்பதுபோல நடிக்கப் பழகினான்.

அந்த நேரத்தில்தான் கல் வேலைக்காரர்களுக்கு இலவச நெஞ்சுப் பரிசோதனை என்று அரசாங்கம் அறிவித்தது. பட்டறையில் இருந்த வியட்நாம்காரர் இருவர் போய்வந்தார்கள். அனோஜும் போகத்தான் நினைத்தான். ஜெயசிங்கம் அவனைத் தனியே கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"போகாதை எண்டு நான் சொல்லேலாது தம்பி. ஆனா யோசிச்சுப் பார். நாளைக்கு நிரந்தர விசாவுக்கு, பி.ஆருக்குப் போடேக்க மெடிக்கல் இருக்கு. நெஞ்சில ஏதோ கிடக்கெண்டு இப்பவே பதிவில விழுந்தா உனக்குத்தானே கரைச்சல்?"

"ஓம் அண்ணை" என்றான் அனோஜ். தனக்காக இவ்வளவு யோசிக்கிறாரே என்று நன்றியும் சொன்னான். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பரிசோதனைக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அப்போதே போய்த் தூசியை விட்டு விலகியிருந்தால் நெஞ்சில் பாதியாவது மிஞ்சியிருக்கும். நிரந்தரமாக இருக்க விசா வேண்டும் என்பதற்காக, உயிரோடு இருக்க வேண்டிய மூச்சு குறைவதை அவன் மறைத்து வைத்தான்.

அந்த வருடப் பெரிய வெள்ளிக்கு வழக்கம்போலப் புலம்பல் பாட அவனைத்தான் அழைத்தார்கள். மன்னார்க் குரல், நீட்டிப் பாடும் குரல். சிலுவையில் மரித்த மகனை மடியில் வைத்துத் தாய் அழும் இடத்தில், ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு போகவேண்டிய அடி ஒன்று உண்டு. அனோஜ் பாதியில் நின்றான். திரும்பத் தொடங்கினான். மறுபடி அறுந்தது. மைக்கில் அவன் மூச்சுத் தேடும் சத்தம் மட்டும் கேட்டது.

கோவில் முழுவதும் விம்மத் தொடங்கியது. மனிதன் தாயின் துக்கத்தில் உருகிப் பாட முடியாமல் நிற்கிறான் என்று சனம் நினைத்தது. முடிந்தபிறகு, வருடாவருடம் புலம்பல் கேட்க வரும் வயதான பேர்ள் அன்ரி அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருசத்தில இப்பிடி ஒருத்தரும் பாடேல்லை மகன், எங்கட நெஞ்சைப் பிழிஞ்சு போட்டாய்" என்று கண்ணைத் துடைத்தார். வெட்கத்தில் அவனும் தலையை ஆட்டினான். பின்வரிசையில் இருந்த ஜெயசிங்கத்தின் கண்ணில் மட்டும் ஒரு துளி இல்லை. கல்லோடு காலம் கழித்தவருக்கு அது பக்தியா நோயா என்று தெரியாதா? அன்று அவர் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

பி.ஆருக்கான மெடிக்கலில், எந்த நெஞ்சு எக்ஸ்ரே படத்துக்குப் பயந்து ஒளித்தானோ அதே படத்தை எடுத்தார்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கல்தூசு நெஞ்சில் படிந்து இரண்டு சுவாசப்பையும் இறுகிப்போயிருந்தது. மருந்தால் மாற்ற முடியாத நோய். விசயம் கேள்விப்பட்ட ஜெயசிங்கம் பிள்ளைக்கு ஒரு பெரிய பொம்மையோடு வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தபடி பேசினார்.

"எந்த இடத்தில வேலை செய்து வந்ததெண்டு டொக்டர்மார் கேப்பினம். நீ கட்டாரிலயும் கல்லு வெட்டினனீதானே தம்பி? அதைச் சொல்லு. பட்டறையை இழுத்து மூடினா உன்ர விசாவும் போயிடும். நாங்கள் ஒரு குடும்பம் எல்லே."

அஞ்சலா குசினி வாசலில் நின்றாள். அவர் போனதும் வாசல் கதவைச் சாத்திவிட்டு அனோஜிடம் வந்தாள்.

"நீங்கள் அவருக்காகப் பொய் சொன்னா, நாளைக்கு இந்தப் பிள்ளை கேக்கேக்க நான் யாருக்காகப் பொய் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ரஞ்சினி என்ற பெண் வந்திருந்தார். வைத்தியர் கேட்டதை அவர் தமிழில் சொன்னார்: "எங்க, எப்பிடி வேலை செய்தனீங்கள் எண்டு டொக்டர் கேக்கிறா."

அனோஜ் மனைவியைப் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். காய்ந்த கல், கடுதாசி முகமூடி, போகாமல் விட்ட பரிசோதனை, ஜெயசிங்கத்தின் பெயர். இடையிடையே நின்று நின்றுதான் சொல்ல முடிந்தது. வைத்தியர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவர் சொன்னதை ரஞ்சினி மெதுவாகத் தமிழாக்கினார்: "என்ன விசா எண்டாலும் வேலையால வந்த வருத்தத்துக்கு உங்களுக்கு உரிமை இருக்காம். முதலே வந்திருக்கலாமே எண்டு கவலைப்படுறா."

உரிமை கேட்டதற்காக ஒருவரும் அவனைப் பிளேனில் ஏற்றவில்லை. அவன் இரவு பகலாகப் பயந்த அந்த ஒன்று நடக்கவே இல்லை. பட்டறையை விசாரிக்க அரசாங்க ஆட்கள் போனார்கள். நோயாளிக்கு நிரந்தர விசா கொடுப்பார்களா இல்லையா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஒக்சிசன் சிலிண்டர் வீட்டுக்கு வரும் நாள் தூரத்தில் இல்லை என்பது முடிவாகிவிட்டது.

சனத்தில் பாதி அவனோடு பேச்சை விட்டது. சோறு போட்ட கையைக் கடித்தவன் என்றார்கள். புலம்பலுக்கு அழுத கண்கள்தான் இப்போது அவனைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பின. அவனுக்கு அது நெஞ்சு நோயைவிட வலித்தது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தார்கள். அஞ்சலா காரைத் திருப்பி எடுக்க முன்னால் போய்விட்டாள். கிறிஸ்ரினா நித்திரை வெறியில், "அப்பா, கரி மீ" என்று இரண்டு கையையும் நீட்டினாள். பக்கத்தில் வந்த ஜெயசிங்கம் பழக்கதோசத்தில் குனிந்து, "வா என்ர குஞ்சு, நான் தூக்கிறன்" என்றார். அனோஜ் அவரை முந்திக்கொண்டு மகளை அள்ளித் தூக்கினான்.

நாலு எட்டு வைத்திருப்பான். கண் இருட்டியது. பக்கத்தில் நின்ற காரின் பொனெற்றில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து காற்றைத் தேடினான். பிடித்த பிடியை மட்டும் விடவில்லை. கிறிஸ்ரினா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். நித்திரை எங்கே போனதோ தெரியவில்லை. அவன் மேலிருந்து மெல்லச் சறுக்கி இறங்கினாள்.

"இட்ஸ் ஓகே அப்பா. ஐ கேன் வோக்."

அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, அவன் நடக்கக்கூடிய வேகத்தில் அந்தச் சின்னப் பிள்ளை நடந்தது.