கோசோங் தேநீரில் இரண்டு சொட்டு

நான் ஏமாற்றினேன். சீனி வேண்டாம் என்று என்னை நம்பிக் கேட்டவர்களின் தேநீரில், அவர்களுக்குத் தெரியாமல் செயற்கை இனிப்பைச் சொட்டவிட்டுக் கொடுத்தேன். எப்படி இத்தனை ருசி என்று கேட்டபோது, என் கைப்பக்குவம் என்றேன்.

இதை முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னபோது நான் நடந்துகொண்டிருந்தேன். பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் பல ஆண்டுகள் நான் தேநீர் ஆற்றிய கடைக்கு முதுகைக் காட்டிவிட்டு, பிற்பகல் வெயிலில், படகுத்துறையை நோக்கி. தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு சட்டைகள், என் சொந்தத் தகரக் குவளைகள். சட்டைப்பையில் கட்டைவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் புட்டி. சொன்னதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. மோட்டார் சைக்கிள்களின் இரைச்சலில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் தலையைத் தொங்கப்போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளியை விட்டவன். பாலிக் புலாவில் டுரியான் பழக்கூடை சுமந்தேன். அங்கேயே கரையில் மீன் தரம் பிரித்தேன். கடலுக்கு அக்கரையில், பத்து காவான் என்ற ஊரில் ஆலையொன்றில் பெட்டி அடுக்கினேன். பட்டினி கிடந்ததுண்டு, பேருந்து நிலையத்தில் படுத்ததுண்டு. அவற்றைத் துயரமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. வேலை இருந்தது, செய்தேன். சலித்தது, கிளம்பினேன்.

ஆனால் தேநீர்! அது மட்டும் எனக்குச் சலிக்கவில்லை.

ஒரு குவளை தலைக்கு மேலே, இன்னொன்று இடுப்புக்குக் கீழே. நடுவில் தேநீர் பழுப்புத் துணிபோல் தொங்கும். ஒரு துளி சிந்தாது. கண்ணாடிக் குவளையில் நுரை விரற்கடை உயரத்துக்கு நிற்கும். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பார்கள். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பினாங்கில் என்னைப்போல் ஆற்றுகிறவன் இன்னொருவன் இருந்தால் கூட்டி வாருங்கள்... இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

எங்கள் ஊரில் சீனி இல்லாமல் கேட்கும் தேநீருக்குக் கோசோங் என்று பெயர். இனிப்பில்லாத டின் பால் மட்டும் விட்டு ஆற்றுவேன். அதை விரும்பிக் கேட்கிறவர் குறைவு. மருத்துவர் சொன்னதால் கேட்கிறவர்களே மிகுதி.

அருளப்பன் அப்படித்தான் கேட்டார். அக்கரையில் உள்ள புக்கிட் மெர்தாஜாம்காரர். தீவிலிருந்து பத்து காவான் ஆலைக்குத் தொழிலாளர்களை ஏற்றிச்செல்லும் பேருந்தின் ஓட்டுநர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. காலையில் ஆட்களை ஆலையில் இறக்கிவிட்டுத் தீவுக்குத் திரும்பி எங்கள் கடைக்கு வருவார். என்னைவிட இளையவர், என்னை அண்ணே என்பார். அவரும் என்னைப்போல் கத்தோலிக்கர்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முன்வரும் தவக்காலத்தில் நாங்கள் எதையாவது விட்டுவிடுவோம். ஒருவர் இறைச்சி, ஒருவர் பீர், ஒருவர் சிகரெட். அது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. அருளப்பன் அந்த ஆண்டு இனிப்பை விட்டார். மருத்துவரும் அதையே சொல்லியிருந்தாராம். சர்க்கரையும் எடையும் இறங்காவிட்டால், பேருந்து ஓட்டுவதற்கான உடல்நலச் சான்றில் கையெழுத்திட மாட்டேன் என்று. அந்தப் பேருந்துதான் அவருக்கு எல்லாம். தினமும் அதன் கண்ணாடியைத் தானே துடைப்பார்.

தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனன்று என் கோசோங்கை ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"கஷாயம் லா, அண்ணே," என்றார். உடனே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க மேல குத்தமில்ல. என் நாக்கு மேலதான்."

அடுத்த நாளும் முகம் கோணியது. அதற்கடுத்த நாளும்.

என் தேநீரைக் குடித்து ஒருவர் முகம் சுளிப்பதா! அதுவும் நான்கு பேர் பார்க்க! நீங்கள் கேட்கலாம், அவர்மேல் இரக்கப்பட்டுத்தானே செய்தாய் என்று. இல்லை. இரக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். அது வெறும் கர்வம்.

பத்து காவான் ஆலைச் சிற்றுண்டிச்சாலையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அங்கே பெண்கள் ஒரு கையில் பொரித்த கோழியும் மறு கையில் சீனியில்லாத கோலா டின்னுமாக உட்கார்ந்திருப்பார்கள். காப்பியில் சிறு புட்டியிலிருந்து இனிப்பைச் சொட்டவிடுவார்கள். "இதுல ஒண்ணுமே இல்லண்ணே, சும்மா இனிப்பு மட்டும்" என்பார்கள். நானும் நம்பினேன். பார்மசியில் அதே புட்டி கிடைத்தது.

இரண்டு சொட்டு. குவளையின் அடியில் விட்டு, மேலே தேநீரை இழுத்தேன். யாரும் பார்க்கவில்லை.

அருளப்பன் குடித்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்று என்ன செய்தீர்கள் என்று கேட்டார். கொஞ்சம் அதிகமாக ஆற்றினேன் என்றேன். அவ்வளவுதான்... அந்த ஒரு சொல்லில் எல்லாம் தொடங்கிவிட்டது.

அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? கடவுள் தன் நாக்கைத் திருத்திவிட்டார் என்று! வெறும் பாலின் இனிப்பே போதும் என்கிற அளவுக்குத் தன் ஆசை அடங்கிவிட்டது என்று! அன்பியக் கூட்டத்தில், பத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் இடத்தில், எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறார். மறுநாள் கடையில் அதை என்னிடம் விவரித்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. நான் குவளையைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவிய குவளையையே மறுபடியும் கழுவினேன்.

ஒருவர் கடவுளுக்குக் கொடுத்த வாக்கை, அவருக்கே தெரியாமல், தினமும் அவர் வாயில் நான் உடைத்துக்கொண்டிருந்தேன்.

நிறுத்தியிருக்கலாம் அல்லவா? நிறுத்தவில்லை. ஏனென்றால் செய்தி பரவிவிட்டது. சூசை அண்ணன் ஆற்றினால் கோசோங்கும் இனிக்கும் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வங்கி ஊழியர்கள் வந்தார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் வந்தார்கள். எல்லோருக்கும் இரண்டு சொட்டு. அந்த வரிசையைப் பார்க்கும்போது என் நெஞ்சு விரிந்ததை மறைக்க மாட்டேன். வாழ்க்கையில் எனக்காக யாரும் வரிசையில் நின்றதில்லை.

ஈஸ்டர் முடிந்தது. அருளப்பன் கோசோங்கை விடவில்லை. தேத்தண்ணியில்தான் சீனி இல்லையே என்று ஒரு ரொட்டி சானாய், எங்கள் ஊர்ப் பரோட்டா, கூடுதலாகக் கேட்பார். பிறகு அதற்குமேல் ஒன்று. பேருந்தில் குடிக்கச் சீனியில்லாத கோலா டின் வாங்கிக்கொள்வார். இனிப்பை வென்றவன் எதையும் வெல்வான் என்கிற தெம்பு அவருக்கு. இடுப்புவார் ஒவ்வொரு ஓட்டையாகத் தளர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஆற்றினேன்.

பரிசோதனையில் எடை கூடியிருந்தது. சர்க்கரை இறங்கவில்லை. மருத்துவர் என்ன குடிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். கோசோங்கும் சீனியில்லாத கோலாவும்தான், சீனி எதுவும் தொடுவதில்லை என்று இவர் உண்மையாகச் சொன்னார். மருத்துவர் நம்பியதாகத் தெரியவில்லை. மனைவி ஆக்னேஸ் சுத்தமாக நம்பவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அந்த அம்மாளே கணவரோடு கடைக்கு வந்தார். கணவர் குடிப்பதையே தனக்கும் கொடுக்கச் சொன்னார். என் கை பழக்கத்தில் சொட்டுவிட்டது... இல்லை, பொய். பழக்கம் இல்லை. நினைத்துத்தான் விட்டேன். அவர் முன்னாலும் என் தேநீர் தோற்கக்கூடாது என்று நினைத்தேன்.

அவர் ஒரு வாய் குடித்தார். குவளையை மேசையில் வைத்தார்.

"இதுக்குப் பேரு கோசோங்கா?" என்று கணவரைக் கேட்டார். "சாமி முன்னாடி நின்னு சாட்சி சொன்னீங்களே, இதைக் குடிச்சிட்டுத்தானா?"

அருளப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. என் பக்கம் திரும்பினார். சின்னப் பிள்ளை அப்பாவைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. இதுல சீனி போட்டீங்களா?"

கடை முழுக்க என்னைப் பார்த்தது. "ஒரு சிட்டிகைகூடப் போடலம்மா. சத்தியமா," என்றேன்.

கவனித்தீர்களா? சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை! அந்த உண்மையை வைத்து ஒரு மனிதரைப் பொய்யராக்கினேன்.

ஆக்னேஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டீங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அருளப்பன் அவர் பின்னால் போனார். மேசையில் இரண்டு குவளைகள். அவருடையது காலி, அந்த அம்மாளுடையது நிறைய.

சான்றில் கையெழுத்து விழவில்லை. பேருந்து வேறொருவருக்குப் போனது. புக்கிட் மெர்தாஜாமில் உள்ள பட்டறையில் பேருந்து கழுவும் வேலை அவருக்கு. எங்கள் கடைக்கு வருவது நின்றது. இதை எனக்குச் சொன்னவர், புதிதாக அந்தப் பேருந்தை ஓட்டி வந்தவர். அவருக்கும் கோசோங்தான்.

நான் பார்மசிக்குப் போய் அங்கிருந்த பெண்ணிடம் கேட்டேன், இந்தச் சொட்டு ஒருவரின் சர்க்கரையைக் கூட்டுமா என்று. சொட்டு தானாக நேரே கூட்டாது என்றார். அதற்காக இதைக் குடித்தால் எடை இறங்கும் என்று நம்பவும் வேண்டாம் என்றார். சிலர் இதை நம்பி மற்றதை அதிகம் சாப்பிடுகிறார்கள், இனிப்புக்குப் பழகிய நாக்கு பழகியபடியே இருக்கிறது, நீண்டகாலம் குடித்தால் என்ன என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். உங்களுக்கா என்று கேட்டார். இல்லை, தெரிந்தவருக்கு என்றேன். அப்படியானால் எவ்வளவு எடுக்கிறார் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள் என்றார்.

மறைக்காமல்... அவருக்கே தெரியாததை அவர் எப்படிச் சொல்வார்?

ஆக, அவர் எடையைக் கூட்டியது என் சொட்டா, ரொட்டியா, கோலா டின்னா? எனக்குத் தெரியாது. யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன். ஆனால் நாக்கு திருந்திவிட்டது என்கிற தெம்பை அவருக்குக் கொடுத்தது யார்? அது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் நான் சொட்டுவிட்டேன். வரிசை இன்னும் நின்றுகொண்டிருந்ததே! கோவிலில் ஒப்புரவுக்குப் போனேன். கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தினேன் என்று சில்லறைப் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

சரி, கடையை விட்டு ஏன் கிளம்பினேன்? மனம் திருந்தியா? அதுவும் இல்லை. முதலாளி ஷாகுல் பாய் ஒருநாள் என் மேசையின் மூலையில் புட்டியைக் கண்டுபிடித்தார். நல்ல மனிதர். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகர்ந்து பார்த்தார். ஒரு சொட்டை நாக்கில் விட்டார். பிறகு சிரித்தார்.

"இவ்வளவுதானா, சூசை? நான் உங்க கைன்னு நெனச்சேன். அப்ப யார் ஆத்தினாலும் ஒண்ணுதான்."

வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவிட்டே கொடுக்கலாம், சுவரில் எழுதி ஒட்டிவிடலாம் என்றார். நேர்மையான யோசனை. நான் செய்திருக்க வேண்டியது. ஆனால் என் காதில் விழுந்தது அந்த முதல் பேச்சு மட்டுமே. யார் ஆற்றினாலும் ஒன்றுதான்! ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தேன். குவளைகளைப் பையில் போட்டேன். நடந்தேன்.

அப்படி நடக்கும்போதுதான், முதலில் சொன்னேனே, அந்த வாக்கியங்கள் வாயில் வந்தன. படகில் நின்றும் சொல்லிப் பார்த்தேன். அக்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கி, பேருந்து ஏறி, புக்கிட் மெர்தாஜாம் போகும்வரை மனப்பாடம் செய்தேன். நேரே அருளப்பனிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று. சாட்சிக்குப் புட்டி இருக்கிறது. ஆக்னேஸ் அம்மாளிடமும் காட்டலாம். அன்று இரவு ரயில் நிலையத்து இருக்கையில் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை, அந்தப் பேருந்துப் பட்டறைக்கு எதிரே உள்ள சாலையோர ஒட்டுக்கடையில் வேலை கேட்டேன். கடைக்காரப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் குவளைகளை எடுத்து ஒருமுறை இழுத்துக் காட்டினேன். அவர் ஏப்ரனை நீட்டினார்.

வெயில் ஏறும் முன்பே அருளப்பன் சாலையைக் கடந்து வந்தார். ரப்பர் காலணி, முழங்கால்வரை ஈரம். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"சூசை அண்ணே? இங்கயா?" கடைக்காரப் பெண்மணியிடம் திரும்பினார். "அக்கா, இவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? பினாங்குலயே இவர் கைதான் கை. கோசோங்கே இனிக்கும்." பிறகு உட்கார்ந்து, "ஒண்ணு ஆத்துங்க, அண்ணே. குடிச்சு எத்தனை மாசமாச்சு," என்றார்.

ஆற்றினேன். என் வாழ்நாளில் அதைவிட நன்றாக ஆற்றியதில்லை. சொட்டு விடவில்லை. அவர் முன்னால் வைத்தேன்.

குடித்தார். முகம் கோணியது... அந்தச் சாம்பல் புதனன்று கோணிய அதே கோணல்.

இப்போது சொல், என்றேன் எனக்குள். சட்டைப்பையில் புட்டி நெஞ்சில் இடித்தது. மனப்பாடம் செய்த வாக்கியங்கள் வரிசையாக நின்றன.

அவர் குவளையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, கையை நீட்டி என் கையைத் தொட்டார்.

"கோவிச்சுக்காதீங்க, அண்ணே. உங்க கை மாறல. என் நாக்குதான் மறுபடியும் கெட்டுப்போச்சு. ஆக்னேஸ் சொன்னது சரிதான் போல."

சட்டைப்பையில் கை விட்டேன். புட்டியை வெளியே எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று இப்போதும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். என் கை இனிக்கும் என்று நம்ப இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே மனிதர் அவர். புட்டியை மேசையில் வைத்திருந்தால் அவருக்கு அவர் நாக்கு திரும்பக் கிடைத்திருக்கும். எனக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

மருந்தைக் குடிப்பதுபோல் கடைசித் துளிவரை குடித்தார். பழகிவிடும், நாளையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார். சற்று நேரத்தில் பட்டறையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது.

அவர் குவளையைக் கழுவி வைத்தேன். கடைக்காரப் பெண்மணி அடுத்தவருக்குத் தேநீர் கேட்டார்.

இழுத்து ஆற்றினேன். ஒரு துளி சிந்தவில்லை.