அம்புறோஸ் அண்ணையின் வாடிக்கையாளர் கொப்பி

அம்புறோஸைப் பாரிஸ் லாச்சப்பலில் ‘கேபிள் அண்ணை’ என்றால்தான் தெரியும். மன்னார்க்காரர், கலியாணம் கட்டாதவர். தமிழ்ச் சானல்களுக்கு இணைப்புக் கொடுப்பது தொழில். நூற்றுச்சொச்சம் வீடுகளின் பெயர், விலாசம், யார் எந்தச் சானல் பார்ப்பது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். படம் தெரியவில்லை என்று யாராவது அழைத்தால் ஓடிப்போவார். திருத்தி முடித்துத் தேத்தண்ணி குடிப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். அவருக்கு இருந்த சொந்தபந்தம் அவ்வளவுதான்.

2015இல் உளவுச் சட்டம் வந்தது. யார் யாரோடு தொடர்பு என்ற விபரத்தை நீதிபதியின் கடிதம் இல்லாமலே அரசாங்கம் எடுக்கலாமாம். கண்டறியாத சட்டம்! விசா இழுபறியில் கிடந்த எங்கள் சனம் தொலைபேசியில் ஊர்க்கதை பேசுவதையே விட்டுவிட்டது.

அந்த ஐப்பசியில் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து அண்ணையிடம் கொப்பியைக் கேட்டார்கள். எழுத்தில் கடிதம் இல்லாமல் தரமாட்டேன் என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லி அனுப்பிவிட்டார். அவர்கள் திரும்பி வரவேயில்லை.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். விசர் மனிதன், வாடிக்கையாளருக்குத் தெரியவேண்டும் என்று வீடு வீடாகப் போனார்.

“பொலிஸ் வந்து கேட்டது. நான் ஒருத்தற்ற பேரும் குடுக்கேல்லை. பயப்பிடாதேங்கோ.”

சனத்தின் காதில் விழுந்தது ‘பொலிஸ் வந்தது’ மட்டும்தான். ஒவ்வொருவராக இணைப்பை நிறுத்தினார்கள். மார்கழி பிறந்தபோது கொப்பியில் மிஞ்சியது நான் ஒருவன். என் மனைவி அஜந்தாவின் தம்பி விசா இல்லாமல் எங்களோடு தங்கியிருந்தான். அவளுக்கு நித்திரையே இல்லை. ரூ காய் என்ற தெருவில் இருந்த என் கடைக்கு அண்ணை வந்தபோது சொல்லிவிட்டேன்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. என்ர பேரையும் வெட்டிவிடுங்கோ.”

“ஓம் தம்பி.” என் முன்னாலேயே கோடு கீறினார். பிறகு கேட்டார்: “நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டை வரலாமோ? சும்மாதான், டிவி அலுவலா இல்லை.”

“இதென்ன கேள்வி? வாங்கோ அண்ணை!”

அடுத்த கிழமை எங்கள் கட்டடத்தின் வாசல்கதவைத் திறக்கும் இரகசிய இலக்கத்தை மாற்றினார்கள். நான் அவருக்குச் சொல்லவில்லை. மறக்கவுமில்லை.

நத்தார் அன்று பின்னேரம் சன்னலால் பார்த்தேன். கேக் பெட்டியும் கையுமாகக் கீழே நின்று பழைய இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். என் தொலைபேசி அடித்தது. அடித்து ஓயும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.