சேரப்பணஞ்சேரியிலிருந்து கடற்கரை ரயில்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஆவணியில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. புரட்டாசியில் வேலைக்கான உத்தரவு வந்தது. மெட்ராஸில், பாரிமுனைக்குப் பக்கத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. கணவருக்கோ ஒரகடம் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு தொழிற்சாலையில் வேலை. இரண்டுக்கும் நடுவே எங்கே குடியிருப்பது என்பதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கையின் முதல் தகராறு.

அப்போது வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் மாமனார் வீட்டில் இருந்தோம். வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மாமியார், வேலையே வேண்டாம் என்றார். மாமனார், "காஞ்சிபுரத்துல ஸ்டேஷன் கீதே, அங்க வூடு பாருங்க" என்றார். அங்கிருந்து கிளம்பும் ரயில் எந்த நேரத்துக்கு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டதற்கு, "அது எதுக்கு நமக்கு, ஸ்டேஷன் கீதா இல்லியா?" என்று திருப்பிக் கேட்டார்.

"எல்லாரும் கம்முனு இருங்க" என்றார் என் கணவர். "டைம் பாக்குறதுதான் என் வேலையே. இத நான் பாத்துக்கறேன்."

அது உண்மைதான். தொழிற்சாலையில் அவருடைய வேலை, ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு லைனில் நிற்பவர்களுக்குப் பின்னால் நின்று, ஒரு போல்ட்டை முடுக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதுவது. அவர் தலை தெரிந்ததும் அத்தனை பேரும் வேண்டுமென்றே மெதுவாக முடுக்குவார்கள் என்று அவரோடு வேலை பார்த்த ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னார். என் கணவருக்கு அது கடைசிவரை தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மொபெட்டில் என்னை உட்காரவைத்துக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பினார். முதலில் மண்ணூர். அங்கிருந்து திருவள்ளூர் போனால் சென்ட்ரலுக்கு ரயில். வீடு நன்றாகத்தான் இருந்தது, கிணற்றில் தண்ணீரும் இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். பொழுது சாய்ந்ததும் ஆடுகளை உள்ளே ஓட்டி வாசல் படலைச் சாத்திவிடுவாராம். அதற்கப்புறம் திறந்தால் ஆடுகள் வெளியே ஓடிவிடுமாம்.

"நான் வேலை முடிஞ்சு வர எட்டு மணியாகுமே" என்றேன்.

அவர் படலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆட்டோட ஆடா நீயும் முன்னாடியே வந்துட்டின்னா நல்லதும்மா."

அடுத்தது பென்னலூர். அங்கே ஒரு வீட்டுத் தரகர் கிடைத்தார். ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று என் கணவர் கேட்டதும், தரகர் வானத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். "ஸ்டேஷன் கொஞ்சம் தூரந்தான் சார். ஆனா ரெயில் சத்தம் வூட்டுக்குள்ளயே கேக்கும். நீ சமையல் ரூம்ல நின்னுகினே கேக்கலாம்மா."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, தூரத்தில் 'கூ' என்று ஒரு சத்தம் எழுந்தது. தரகர் முகம் மலர்ந்துவிட்டது. என் கணவர் வாட்சை எடுத்து அமுக்கினார். சத்தம் நின்றது. மறுபடியும் அதே இடத்திலிருந்து கூவியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், இம்மி நகராமல். பிறகு சாலையில் சைக்கிள்கள் வரிசையாக வந்தன. பக்கத்து ஃபேக்டரியில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியிருக்கிறார்கள்.

"ரெயில் மாரியேதான சார் கீது?" என்றார் தரகர்.

கடைசியில் சேரப்பணஞ்சேரி முடிவாயிற்று. அங்கிருந்து அவருக்கு ஒரகடம் மொபெட்டில் எட்டும் தூரம். எனக்குத் தாம்பரத்துக்கு நேர் பஸ். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயில். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு முறை போய்ப் பார்த்துவிடலாம் என்றார். போனோம். பஸ் உடனே வந்தது. உட்கார இடம் கிடைத்தது. படப்பையைத் தாண்டியதே தெரியவில்லை. தாம்பரத்தில் ரயில் எங்களுக்காகவே நிற்பதுபோல் நின்றிருந்தது. கடற்கரை நிலையத்தில் இறங்கி என் அலுவலக வாசல்வரை நடந்து, பூட்டிய கேட்டைத் தொட்டு, வாட்சை நிறுத்தினார்.

"ஒண்ணே முக்கா மணி நேரம்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. கேட் ஏன் பூட்டியிருக்கிறது என்று எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

நான் வேலைக்குப் போன முதல் திங்கட்கிழமை, முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவது பஸ் நின்றது, ஆனால் நான் நின்ற இடத்தில் அல்ல. அது நின்ற இடத்துக்கு ஓடிப் போய்ச் சேர்வதற்குள் கிளம்பிவிட்டது. மூன்றாவது பஸ்ஸில் படியில் ஒரு கால் வைக்க இடம் கிடைத்தது. மறு காலைப் படப்பையில்தான் உள்ளே வைத்தேன். தாம்பரத்தில் மேம்பாலப் படிக்கட்டில் ஏற வேண்டியதில்லை, கூட்டமே ஏற்றிவிட்டது. அலுவலகத்துக்குள் நுழைந்தபோது பதினொன்றாகப் போகிறது.

அலுவலகத்தில் தாமதமாக வருகிறவர்கள் காரணத்தை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு முன்னால் எழுதியிருந்த மூன்று பேரும் 'ரயில் தாமதம்' என்று எழுதியிருந்தார்கள். நானும் அதையே எழுதினேன். கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த ஊரும்மா?"

"சேரப்பணஞ்சேரி சார்."

"அது எந்த லைன்ல இருக்கு?"

"லைன்ல இல்ல சார். அங்க ஸ்டேஷன் கிடையாது."

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "ஸ்டேஷனே இல்லாத ஊர்லேருந்து கிளம்பி, முதல் நாளே ரயில் லேட்டுன்னு எழுதின ஒரே ஆள் நீதாம்மா."

வீட்டுக்கு வந்து சொன்னால் என் கணவர் நம்பவில்லை. "ஒண்ணே முக்கா மணி நேரம்னு நானே பாத்தேனே. நடுவுல எங்கியோ வேஸ்டேஜ் ஆவுது" என்றார். மறுநாள் விடிந்ததும் நான் தலை வாருவதை, சேலை கட்டுவதை, சாப்பாட்டு டப்பாவை மூடுவதைப் பின்னால் நின்று குறித்துக்கொண்டார். பின்னலுக்கு மட்டும் ஆறு நிமிஷம் போகிறதாம். கொண்டையாகப் போட்டால் நாலு நிமிஷம் மிச்சமாம்.

"கொண்டை போட்டா பஸ் நிக்குமா?" என்று கேட்டேன்.

"நீ ப்ராப்ளத்த பெர்சனலா எடுத்துக்கற" என்றார்.

அன்று அவருக்கு உப்பில்லாத உப்புமா. அதைப் பற்றி அவர் எதுவும் குறித்துக்கொள்ளவில்லை.

எனக்கு பஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது கீரைக்காரப் பெண்கள். நாலு பேர் தினமும் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கீரைக்கட்டுகளோடு போவார்கள். என்னவோ, அவர்கள் நிற்கும் இடத்தில் மட்டும் பஸ் நின்றது. ஒரு வாரம் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பஸ் கண்ணில் பட்டதும் அவர்கள் கூடைகளைத் தார்ச்சாலையின் நடுவிலேயே இறக்கிவைத்துவிட்டு, குனிந்து தலையில் வைக்கும் சும்மாடு தேடுவார்கள். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்துவார். அவர்களில் ஒருத்திக்கு என் வயதுதான் இருக்கும். வாய் மட்டும் ஊருக்கே பெரியது.

"இன்னாம்மா ஆபீசு, தெனம் இப்டி நின்னுகினு கீறயே, எப்பத்தான் போவ?" என்று ஒருநாள் கேட்டு, ஒரு முளைக்கீரைக் கூடையை என் கையில் திணித்தாள். "இந்தா, புடி. நீயும் எங்காளு மாரி நில்லு."

அன்றிலிருந்து தினமும் கீரைக்கூடையோடு ஏறினேன். பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது. மடியில் கூடை வந்தது. அலுவலகம் போய்ச் சேரும்போது சேலையின் முன்பக்கம் ஈரமாகி, கொத்தமல்லி வாசனை அடிக்கும். இரண்டு வாரத்தில் கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நான் பயந்துகொண்டே போனேன். குரலைத் தாழ்த்தி, "அரைக்கீரை கிடைக்குமாம்மா?" என்றார்.

இருந்தாலும் வாரத்தில் இரண்டு நாள் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டேன். வீடு திரும்ப எட்டரை, ஒன்பது. ஒருநாள் சோற்றை வடித்துக்கொண்டே நின்றவள் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். கஞ்சி காலில் கொட்டி விழித்தேன். அழுகை வந்துவிட்டது. என் கணவர் ஓடி வந்து காலில் தண்ணீர் ஊற்றினார். "நாளைக்கு லீவு போடறேன். உங்கூட நானே வந்து பாக்கறேன்" என்றார். வேலையை விடு என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. அதற்காக அவரை அன்றே பாதி மன்னித்துவிட்டேன்.

கார்த்திகை மழை விட்டிருந்த காலை. அவர் ஷூ போட்டு, சட்டையை உள்ளே விட்டு, பையில் வாட்சோடு வந்து நின்றார். அன்றைக்கு கீரைக்காரிகளே மூன்று பஸ்களை விட்டுவிட்டார்கள். கூடை வைத்தும் டிரைவர்கள் சுற்றி ஓட்டிப் போய்விட்டார்கள். எதிர்ப்பக்கம் தாம்பரத்திலிருந்து வந்த பஸ்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. ஒன்றில் கண்டக்டர் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

வாயாடிப் பெண் என் கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "சார், நீ எங்க வேலைக்குப் போற?"

"ஒரகடம்."

"அந்தப் பஸ்ஸ பாத்தியா? காலியா கீது. நாங்க வித்துட்டுத் திரும்பறப்போ அதுலதான் படுத்துகினே வருவோம். நீ தாம்பரத்துல வூடு எடுத்துகினு அதுல வந்தின்னா இன்னா? உன் பொண்டாட்டி ரெயில்ல குந்திகினு போவுமே."

"அது ராங் டைரக்‌ஷன்" என்றார் என் கணவர்.

"யாருக்கு?" என்றாள்.

அதற்குள் நாலாவது பஸ் வந்துவிட்டது. அவர் பின்படியில் தொங்கினார். தாம்பரத்தில் இறங்கியபோது சட்டை முழுவதும் வெளியே வந்திருந்தது. ஸ்டேஷனில் ரயில் கிளம்பும் நேரம். நான் ஓடி மகளிர் பெட்டியில் ஏறினேன். என்னைத் தவறவிட்டுவிடக் கூடாதே என்று அவரும் பின்னாலேயே ஏறிவிட்டார். ரயில் நகர்ந்த பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். அத்தனை பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

"கையில வாட்ச் வேற வச்சுக்கிட்டு நிக்குது பாரு" என்றார் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள். "எதுக்குய்யா எங்களுக்கு டைம் பாக்குற?"

"நான் இவங்க வீட்டுக்காரர்" என்று என்னைக் காட்டினார்.

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. இன்றைக்கும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். அடுத்த பெட்டியை நோக்கி ஓடினார். வாசலில் கைவைக்க இடமில்லை. ரயில் அவரைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டுக் கிளம்பிற்று. ஒரு காலில் ஷூ இல்லாமல் நின்றதைப் பார்த்தேன். அந்த ஷூ என் காலடியில் கிடந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அலுவலக வாசலுக்கு வந்து சேர்ந்தார். காவலாளி என்னைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுக்காரர்னு ஒருத்தர் சொல்றாரும்மா" என்று சந்தேகத்தோடு சொன்னார். இந்த முறை நான் ஆமாம் என்றேன். ஷூவைக் கொடுத்தேன். எதிரில் டீக்கடைக்குப் போனோம். அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தார். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

"தெனமுமா இப்படி?" என்றார்.

"இன்னிக்கு மழை இல்ல. பரவாயில்ல" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தக் கீரைக்காரப் பொண்ணு சொன்னது கரெக்ட்டு" என்றார். "கூட்டத்தோட போறது நீ மட்டுந்தான். நான் தாம்பரத்துலருந்து எதிர்ல வந்துடலாம்."

அந்தச் சனிக்கிழமையே மேற்குத் தாம்பரத்தில் ஒரு வீடு கிடைத்தது. ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷ நடை. ஆனால் குடிபோக முடியவில்லை. கார்த்திகை கடைசி வாரம் ஆகிவிட்டது. மார்கழியில் வீடு மாறக் கூடாது என்று மாமியார் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு மாதமும் கீரைக்கூடையோடுதான் போனேன். கடைசி நாள் அந்தப் பெண் எனக்கு இரண்டு கட்டு பொன்னாங்கண்ணி கொடுத்து, "போய் ரெண்டு பேரும் துன்னுங்க, கண்ணுக்கு நல்லது. அப்பவாச்சும் அடுத்த வாட்டி வூடு பாக்கறப்போ நல்லாத் தெரியட்டும்" என்றாள்.

தை பிறந்ததும் குடிபோனோம். மறுநாள் காலை நான் கடற்கரை ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனேன். தாம்பரத்திலிருந்தே கிளம்பும் ரயில் என்பதால் கிடைத்த இடம். அலுவலகத்துக்கு மணி அடிப்பதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தேன். தாழ்ப்பாளைத் திறந்த பியூனுக்கே ஆச்சரியம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் கணவர் எனக்கு முன்னால் வந்து, அடுப்படியில் தலைகுனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"பஸ் கிடைக்கலியா?"

"கிடைச்சுது. நல்லாத்தான் கிடைச்சுது. மூணு பேர் சீட்ல நான் ஒருத்தன். ஜன்னல்ல ஜில்லுனு காத்து." நிறுத்தினார். "தூங்கிட்டேன்."

"அப்புறம்?"

"வாலாஜாபாத்ல கண்டக்டர் எழுப்பினாரு."

என்னால் நிற்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தேன். வாலாஜாபாத்தில் இறங்கி, எப்படியும் அரை நாள் போயிற்று என்று தன் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார். மாமியார் சுடச்சுட இட்லி வைத்து, "புது வூட்லருந்து எங்க வூட்டுக்கு இவ்ளோ சுருக்கா வந்துட்டியே, நல்ல எடமாத்தான் பாத்துகிற" என்று பாராட்டினாராம். அதைச் சொல்லும்போது என் கணவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெங்காயத்தை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.