பிஸ்கட் டின்னில் ஐந்து முத்திரைகள்

தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தை ஒட்டிய கட்டடத்தின் நான்காம் மாடி. ஏற்றுமதிச் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரிக்கும் எங்கள் அலுவலகத்தில் பியோ கும்ஹி அக்கா இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறார். மதியச் சாப்பாட்டில் கிம்ச்சி ஊறுகாய் போதவில்லை என்று கடைக்காரியோடு சண்டை போடாத நாளில்லை. காகிதத்தில் மட்டும் ஓர் எழுத்துப் பிசகாது. அதனால்தான் முதலாளி தாக், ஏற்றுமதிச் சட்டத்துக்குப் பொறுப்பாளர் என்று அவர் பெயரைப் பதிந்துவைத்தார்.

சில இயந்திரங்களைக் கண்டவருக்கு விற்க முடியாது. ஆயுதம் செய்யவும் உதவும். வாங்குபவர் யார், வேறு நாட்டுக்குத் தள்ளிவிடுவாரா என்று விசாரித்ததாக எழுதி, பொறுப்பாளர் கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்த வேண்டும். பொய்யென்றால் சிறை.

எங்கள் ஐந்து பேரின் மர முத்திரைகளும் ஒரே பிஸ்கட் டின்னில் கிடந்தன. ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் குத்திவிடுவோம். வேலை நிற்கக் கூடாதே.

போன வசந்தத்தில் அக்கா பித்தப்பைக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கடைசல் இயந்திரம் ஒன்று வியட்நாமுக்குக் கிளம்பியது. அவர் முத்திரையைக் குத்தியவள் நான். எதையும் விசாரிக்கவில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை சுங்க இலாகாவிலிருந்து போன். போர் நடக்கும் ஒரு நாட்டில் அந்த இயந்திரம் அகப்பட்டிருக்கிறது. பதினொரு மணிக்கு வருகிறார்கள்.

"ஆஸ்பத்திரியில இருந்தேன்னு மட்டும் சொல்லிடாதம்மா," என்றார் முதலாளி அக்காவிடம். "அப்புறம் நம்ம காகிதம் ஒண்ணையும் எவனும் நம்பமாட்டான்."

"ஜெயிலுக்கு நீங்க கிம்ச்சி கொண்டுவருவீங்களா?"

முதலாளி தன் அறைக்குள் போய்விட்டார்.

"அக்கா, அன்னைக்கு நான்தான்..."

"தெரியும்டி. நீ குத்துனா எப்பவும் இடது பக்கம் சாஞ்சிருக்கும்." பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்தார். "உன் பொண்ணுக்கு என்ன வயசு இப்போ?"

"ஆறு."

சீட்டை நாலாக மடித்து மறுபடி பைக்குள் திணித்தார்.

வந்தவர்கள் இருவர். மூத்தவர் அந்தப் பத்திரத்தை மேஜையில் வைத்து, பக்கத்திலேயே அக்காவின் பழைய பத்திரங்கள் பத்தைப் பரப்பினார்.

"இது உங்க முத்திரையா?"

"என்னுதுதான்."

"குத்துனது?"

"நான்தான்."

"ஆஸ்பத்திரியில விசாரிச்சோம், அன்னைக்கு உங்களுக்கு ஆபரேஷன் நடந்திருக்கே."

அக்கா பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். பழைய பத்தும் நேராக இருக்க, சாய்ந்திருந்த அந்த ஒற்றை முத்திரையை மூத்தவர் விரலால் தடவினார். பிறகு மேஜை மேலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து அக்காவின் முத்திரையை எடுத்தார். ஒரு வெள்ளைத்தாளையும் சிவப்பு மைப்பெட்டியையும் என் பக்கம் நகர்த்தினார்.

"எல்லாரும் ஆளுக்கு ஒரு தடவை இதைக் குத்துங்க. நீங்களே ஆரம்பிங்கம்மா."

அக்கா என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நேராகக் குத்த முயன்றேன்.