துபாயிலிருந்து மதுரைக்கு நாலு மணி நேரம்

துபாயிலிருந்து மதுரைக்கு விமானத்தில் நாலு மணி நேரம். எங்கள் ஊரிலிருந்து கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் போனால் அதைவிடக் கூடுதலாகும். ஆகவே கோயம்புத்தூரைவிடத் துபாய்தான் பக்கம். நாலாம் வகுப்பில் நான் கண்டுபிடித்த இந்த உண்மையை யாராவது மறுத்தால் சண்டைக்குப் போவேன். கட்டட வேலைக்கு அங்கே போயிருந்த அப்பாவை நினைத்து நான் அழாமல் இருந்ததே இந்தக் கணக்கால்தான்.

அந்த வருஷம் உளுந்து பூத்திருந்த நேரத்தில் தாத்தா படுத்துவிட்டார். வீட்டுக்குக் கூட்டிப்போகும்படி கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கண்ணை மூடியபடியே மகன் வந்துவிட்டானா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே மகன், அவன் முகத்தைப் பார்க்காமல் உயிர் போகாது என்றாள் அத்தை.

காலையில் அம்மா அடுப்படியில் நின்று வெகுநேரம் போனில் பேசினாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். அப்பா கிளம்பிவிட்டார் என்றாள். போனைத் தொட்டாலே திட்டுகிறவள், முழுக்கச் சார்ஜ் ஏற்றி அதை என் கையில் தந்தாள். விமானம் எங்கே வருகிறது என்று காட்டும் படம் அதில் ஓடியது. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

"ஏட்டி, இப்ப எங்கன வாரான்?"

"கடல் மேல வாராவ தாத்தா."

கேட்கக் கேட்கச் சொன்னேன். கொச்சி வந்தது. மலை தாண்டியது. மதுரையில் இறங்கியதும் படம் நின்றுவிட்டது. அதற்குமேல் எனக்குத் தெரிந்த ரோடுதான். கார் விருதுநகர் வந்துவிட்டது என்று நானாகவே சொன்னேன். சாத்தூர் என்றபோது தாத்தா என் கையைப் பிடித்தார்.

"வாசக் கதவ நல்லாத் தொறந்து வையி தாயி."

திறந்துவிட்டுத் திரும்பினேன். அத்தை அவர் வாயில் பால் விட்டுக்கொண்டிருந்தாள். பால் உள்ளே இறங்கவில்லை.

வீடே அழுதுகொண்டிருந்தபோது நான் போனைப் பார்த்தேன். அந்த விமானம் மதுரையிலிருந்து கிளம்பி மறுபடி கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸில் நான் தூங்கிப்போகிற மாதிரி அப்பாவும் தூங்கியிருப்பார், எழுப்பிவிட ஆள் இருந்திருக்காது. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்பா எறங்கலம்மா. பிளேன் திரும்பிப் போவுது."

அதுவரை அம்மா அழவில்லை. அப்போதுதான் அழுதாள்.

அப்பா அந்த விமானத்தில் ஏறவே இல்லை. கம்பெனிக்காரர்கள் பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அம்மா சொன்னது. தாத்தா நிம்மதியாகப் போகட்டும் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னாளாம். அவரும் நம்பித்தான் போனார் என்று இன்றுவரை சொல்கிறாள்.

நான் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. ஆனால் அப்பா லீவில் வரும்போதெல்லாம் முதல் நாளே கார் பேசி, விடியுமுன்னே முன்சீட்டில் ஏறி மதுரைக்குப் போய் நிற்கிறவர் தாத்தா. கார் கொஞ்சம் பிந்தினாலும் டிரைவரை உண்டு இல்லையென்று ஆக்கிவிடுவார். அன்றைக்கு, மதுரைக்குக் கார் அனுப்பியாச்சா என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.