பெரியம்மாவுக்குத் தைக்காத சட்டை

சிரிப்பதற்கு முன் அம்மா அடிவயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொள்வாள். இருமினாலும் அப்படித்தான். தையலுக்குப் பிடிமானமாக இருக்கட்டும் என்று பிரசவ வார்டு நர்ஸ் ஒரு தலையணை கொடுத்துப் பழக்கியது. புண் ஆறி எத்தனையோ வருடமாகியும் கை தானாகப் போகிறது. பெரியம்மா பக்கத்தில் இருந்தால் மட்டும் சிரிப்பையே விழுங்கிவிடுவாள்.

பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. மாடியில் அவர்கள், கீழே நாங்களும் அம்மாவின் தையல் மெஷினும். இரண்டு பிள்ளைகளையும் சுகப்பிரசவத்தில் பெற்று, மறுநாளே துணி துவைத்தவர் என்று பெரியம்மாவுக்குப் பெயர். நான் அம்மா வயிற்றில் குறுக்கே கிடந்ததால், ஆபரேஷன்தான் வழி என்றார் டாக்டர்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுப் பாடினார்கள். "வலியில்லாம முடிஞ்சுது. பெரியவ பட்ட பாடு உனக்கில்ல. குடுத்து வச்சவ."

அம்மா வீட்டுக்கு வந்த சில நாளில், பெரியம்மா மாடியில் நிற்கும் நேரம் பார்த்து, தண்ணீர் நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். குழந்தையைவிடக் கனமாக எதையும் தூக்காதே என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

தையல் பிரிந்து கசிந்தது, காய்ச்சலும் வந்தது. இரண்டையும் மறைத்தாள். என்னைக் குளிப்பாட்ட வந்த பெரியம்மாதான் கண்டுபிடித்தார்.

"என்னடி நாத்தம்? காட்டு."

"ஒண்ணுமில்லக்கா. நீங்க போங்க."

"செவசெவன்னு வீங்கி சீழ் வடியுது, ஒண்ணுமில்லையா? வாளிய எதுக்குத் தூக்கின?"

"நீங்க தூக்கலையா?"

"என் வயித்தையா கிழிச்சாங்க, கூறுகெட்டவளே? கிளம்பு."

இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். அம்மா மறுபடி படுத்திருந்த நாட்களில், என் கால் தையலில் படாமல் அவள் கக்கத்துப் பக்கமாக என்னைப் பிடித்துப் பால் குடிக்க வைத்ததும் பெரியம்மாதான்.

"அவங்க கைக்குப் போனா நீ அழவே மாட்ட," என்று அம்மா இன்றும் என்னைக் குற்றம் சொல்கிறாள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஆனாலும் இதைப் பொறாமை என்று ஒரே சொல்லில் எழுதி முடித்துவிடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. வயிறு கிழிபட்டதைப் பிரசவக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள் நடுவில் அவள் வேறெதைத்தான் தூக்கிக் காட்டியிருப்பாள்?

இப்போது நான் மாசமாக இருக்கிறேன். எனக்கும் ஆபரேஷன் ஆகலாம் என்றதும் அம்மா மெஷினை நிறுத்தினாள்.

"ஆனா ஆகட்டும். காய்ச்சல் அடிச்சா மட்டும் மறைக்காத. கூட இருக்க பெரியம்மாவக் கூப்பிட்டுக்க."

"நீயே கூப்பிடேன்."

அம்மா மெஷின் இழுப்பறையைத் திறந்தாள். அன்று தையல் ஆறி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் "உங்களுக்கு ஒரு சட்டை தைச்சுத் தரேன்க்கா" என்று சொல்லி அவள் வாங்கிய நீல ரவிக்கைத் துணி உள்ளே இருந்தது. தெருவுக்கே தைப்பவள் இதில் மட்டும் இன்னும் கத்தரி வைக்கவில்லை. விரித்தாள், மாடியை ஒருமுறை பார்த்தாள்.

"ரெண்டு பெத்தும் அவங்களுக்கு இடுப்பு அப்படியே இருக்கு பாரு," என்று சொல்லி, மடித்து உள்ளே வைத்தாள்.