தேவசித்தமும் இரண்டு எண்ணெய் டின்களும்

முன்னறையில் பலகையைச் சாய்க்கும் தடார் சத்தம் கேட்டதும், அடுக்களையில் நின்ற ராகேல் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். சாலைக் கடைத்தெருவில் எண்ணெய் விற்கும் அவள் அப்பா ஞானசிகாமணி, எந்தத் தீர்மானத்தையும் கர்த்தரிடமே விடுவார். கர்த்தரோ இரண்டு தேங்காயெண்ணெய் டின்களைச் சரிவில் உருட்டித்தான் பதில் சொல்வார். இன்று ஒரு டின்னில் பெண் கேட்டு வந்த லிங்கராஜின் பெயர், மற்றதில் 'வேண்டாம்'. எது முந்துகிறதோ அதுவே தேவசித்தம்.

கல்யாணமானால் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பதை ராகேல் விட்டுவிட வேண்டும் என்பது லிங்கராஜின் நிபந்தனை. அதனால் அவன் டின் இரவெல்லாம் ஃபிரிட்ஜில் தவம் கிடந்தது. உறைந்த எண்ணெய் டின்னோடு சேர்ந்து சுழன்றாக வேண்டும். அதனால் வேகம் குறையும். உறையாத எண்ணெய் உள்ளே சுழலாமல் சொகுசாக வந்து முந்திவிடும்.

லிங்கராஜ் டின்னைத் தொட்டான். "எந்தா மாமா, ஐஸ் கணக்கா இருக்கு?"

ராகேல் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"உம்ம கை பட்டதும் அதுக்கே குளிர்காய்ச்சல் வந்துட்டு, தம்பி. கைய எடும்!" என்றார் ஞானசிகாமணி.

டின்கள் உருண்டன. 'வேண்டாம்' முந்தியது. லிங்கராஜ் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்தான்.

வாசல்வரை வந்த ராகேல் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "கர்த்தர் சித்தத்துக்கு மேல நாம யாரு, அண்ணே?" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.